புள்ளி வைத்த தட்டு

வேலூரிலிருந்து பெங்களூர் ஒக்கலிபுரம் வந்திருந்த லாவண்யா, தங்கை கிருத்திகா சாப்பிடும் தட்டைப் பார்த்துக் குழம்பினாள். விளிம்பில் நெயில்பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி.

“என்னடி அடையாளம் இது?”

“அவர் ஆரம்பிச்சதுக்கா. எச்.ஐ.வி.ன்னு ரிப்போர்ட் வந்த அன்னைக்கு.”

லாவண்யா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். “கட்டின பொண்டாட்டிக்குத் தட்டைத் தனியா பிரிச்சு வச்சுட்டாரா? இவ்வளவுதானா உன் புருஷன்?”

“எனக்கில்லக்கா, அவருக்குத்தான். எனக்கு இல்லைன்னு வந்துடுச்சு. தட்டுல எல்லாம் ஒட்டாது, மாத்திரை போட்டா நல்லா இருக்கலாம்னு சிவாஜிநகர் டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. இவருக்குத்தான் மனசு தேறல. தூக்கமில்ல, பேச்சில்ல. தன் தட்டுல புள்ளி வச்சு எடுத்துக்கிட்டு, பின்னாடி ரூம்ல தனியா உக்காந்து பாதியில வச்சிடறாரு.”

சமையலறையில் தட்டுகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. கிருத்திகாவின் கணவன் பாலகுமார் வெளியே வந்து திகைத்து நின்றான்.

“கிருத்தி, என் தட்டு எது? எல்லாத்துலயும் புள்ளி இருக்கு.”

லாவண்யா தன் தட்டை மெல்லச் சுழற்றிப் பார்த்தாள். அதிலும் இருந்தது.

கிருத்திகா நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

“நான்தான் வச்சேன். ஏதாவது ஒண்ணை எடுத்துக்கிட்டு இங்க வந்து உக்காருங்க.”