முதலில் தகடு, அப்புறம் கேஸ்

"சுருட்டைத் தூக்கிப் போடுங்க தொரை. இல்லேன்னா சிலிண்டரைத் தொட மாட்டேன்!"

டிரைவர் பெரியதம்பி இப்படிச் சொன்னதும் பங்களா வாசலில் நின்றவர்களுக்குப் பகீரென்றது. மலாயாவில் ஜாசின் பக்கத்து அந்த ரப்பர் எஸ்டேட்டில் துரைக்கே உத்தரவு போட்ட முதல் ஆள் அவன்தான். துரை முறைத்தார், பிறகு சுருட்டைக் கீழே போட்டு மிதித்தார்.

அவசரகாலம் அது. சாலையோரக் காட்டிலிருந்து கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் எப்போது சுடுவார்களோ என்று எல்லாருக்கும் பயம். துரை தம் அமெரிக்கக் காரின் பின்சீட்டைச் சுற்றி இரும்புத் தகடு அடித்து, கண்ணாடியை இறக்காமலே போய் வந்தார். உள்ளே இட்லிக் கொப்பரைதான். அதனால் காருக்குள் குளிர்காற்று வீச ஒரு கூலர் வேறு.

கூலரில் கேஸ் தீர்ந்து நாலு நாளாயிற்று. மலாக்காவிலிருந்து சிலிண்டர் வந்துவிட்டது. அதை ஏற்றத் தெரிந்தவன் எஸ்டேட்டிலேயே பெரியதம்பி ஒருவன்தான்.

அவன் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டினான், தோல் கையுறை போட்டான், சிலிண்டரை வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் நிறுத்தினான். "சூடு போதலன்னு அடுப்புல கிடுப்புல வச்சீங்க, வெடிச்சிரும்!" என்று வேடிக்கை பார்த்தவர்களை ஒரு அதட்டல் போட்டான். எல்லாம் சரியாகத்தான் போனது. திருகைத் திறக்க வேண்டிய நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான்.

"கேஸ் ஏத்த முடியாது தொரை. முன்னால டிரைவர் கதவுலயும் தகடு அடிக்கணும்."

"எதுக்கு மேன்?"

"போன மாசம் குண்டு இந்தக் கதவுலதானே பூந்துச்சு? ரெண்டு இஞ்ச் தள்ளிப் பட்டிருந்தா கேஸ் குழாய் கிழிஞ்சிருக்கும். கேஸ் பீச்சியடிச்சா ஒங்க கண்ணு அவிஞ்சிரும். சிலிண்டர்லயே எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க!"

துரை குனிந்து படித்தார். கண்ணில் பட்டால் ஆபத்து என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆனாலும் துரை துரைதானே, லேசில் இறங்கி வருவாரா?

"தகடு போட்டா வண்டி கனம், பெட்ரோல் குடிக்கும். இப்ப கேஸ் ஏத்து. இல்ல, நாளைக்கு லயத்து வீட்டைக் காலி பண்ணு!"

கூட்டத்திலிருந்து அவன் மனைவி குஞ்சம்மா ஓடி வந்தாள். "ஐயோ, ஒங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? மூணு புள்ளைங்கள இழுத்துக்கிட்டு நான் எங்க போவேன்? ஏத்தித் தொலைங்களேன்!"

"போனா போவுது புள்ள. தொரை கண்ணு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

பெரியதம்பி கையுறையைக் கழற்றி வாளிப் பக்கம் எறிந்தான்.

"தொரை! மொதல்ல தகடு, அப்புறம் கேஸ்!"

துரைக்கு மாலையில் மலாக்காவில் கூட்டம். கூலர் இல்லாமலே போய்விடலாமென்று வீம்புக்குப் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ரெண்டே நிமிஷம். சட்டை தொப்பலாக நனைந்து, தக்காளிப் பழமாகச் சிவந்த முகத்தோடு இறங்கினார்.

"ஃபிட்டரைக் கூப்பிடு!"

ரப்பர் ஆலை ஃபிட்டர் தனபாலன் வந்து, மத்தியானத்துக்குள் டிரைவர் கதவில் கனமான தகட்டை முடுக்கிவிட்டான். அதன் பிறகுதான் பெரியதம்பி திருகைத் திறந்தான். ஜில்லென்று காற்று வந்ததும் துரை குளிக்கப் போய்விட்டார்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க, சோப்புத் தண்ணீரோடு காருக்கு அடியில் படுத்திருந்த தனபாலன் அவசரமாக வெளியே தலையை நீட்டினான்.

"என்னாண்ணே இது! கேஸ் குழாய் முழுக்க அந்தப் பக்கமால்ல போவுது? டிரைவர் பக்கம் ஒண்ணுமே இல்லியே!"

பெரியதம்பி நிதானமாக ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான்.

"ஏன் இல்ல? நான் இருக்கேன்லா!"