ஐந்தாம் முறை எழுதிய உதாரணம்

அனிதா மேரி, எல்லாரும் சேர்ந்து எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தில் கதை உத்திகளுக்கு உதாரணம் எழுதிவந்தாள். பின்னால் வருவதை முன்னாலேயே கோடிகாட்டும் உத்திக்கு அவள் எழுதியதை நான்காவது முறையாக அதே வாசகர் திருப்பியிருந்தார்: "புரியவில்லை. தயவுசெய்து எளிதாக."

"யாருன்னே தெரியல, உசுர வாங்குறாக!" என்று தம்பி பிலவேந்திரனிடம் பொரிந்தாள். "கேரளாவுல கட்டப்பனையில இருந்து வந்த ஒம் பொண்டாட்டி ஒரு வருசமா எங்கிட்ட வாயத் தெறக்கல. இவுக என்னடான்னா விட மாட்டேங்குறாக!"

"கோவப்படாம எழுதுக்கா."

எழுதினாள்: 'வானம் தெளிவாக இருந்தபோதே அவள் காயப்போட்ட துணிகளை எடுத்துவைத்தாள். மாலையில் மழை கொட்டியது.'

பதிவேற்றிய சிறிது நேரத்தில், தம்பி மனைவி லின்ஸி கைப்பேசியோடு அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"புரிஞ்சுது அக்கா! மழை வரும்னு முதல்லயே சொல்லிட்டீங்க, அல்லே?"

அனிதா திகைத்தாள். "ஏத்தா, அது நீயா?"

"தப்பாப் பேசினா சிரிப்பீங்கன்னு பயம். அதான் நீங்க எழுதுறத வாசிச்சே தமிழ் படிச்சேன். எனக்காக எத்தனை தடவை எழுதினீங்க! ரொம்ப நன்றி அக்கா."

அனிதா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நாந்தேன் தாயி ஒனக்கு நன்றி சொல்லணும். மொதல்ல எழுதுனது எனக்கே புரியல."