ஜப்தியான படிப்பு

கல்விக் கடனைக் கட்டாதவர்களின் வீட்டை வங்கி ஜப்தி செய்வதில்லை. படித்த படிப்பையே தலையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடும். பிரசவம் பார்க்கப் படித்த மரியசெல்விக்கு, வேலை போன நேரத்தில், அதுவும் நிறைமாதத்தில், அந்த நோட்டீஸ் வந்தது.

அவள் அழவில்லை. குடியிருப்புப் பெண்களை மாடிப்படியில் உட்காரவைத்து, தலையணையையும் துணிப்பொம்மையையும் வைத்துக்கொண்டு, தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தாள்.

"நிறைமாசத்துல உனக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றாள் எதிர்வீட்டு ரெஜினா.

"என் தலையில இருக்கறதத்தான எடுப்பாங்க? உங்க தலையில கை வைக்க முடியாதுல்லக்கா."

வங்கிக்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். மாடிப்படியில் பாடம் நடத்திய நினைவும் அதோடு போயிற்று.

அடுத்த வாரம், தெருவெல்லாம் மழைத்தண்ணீர் நின்ற பகலில், அவளுக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் வரவில்லை.

"அக்கா, பயமா இருக்கு. என்ன செய்யணும்னே தெரியல!"

ரெஜினா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "இப்ப முக்காத. வாயால ஊதி ஊதி மூச்சு விடு. நான் இருக்கேன்."

அந்த நிதானம் மரியசெல்விக்கு வலியிலும் வியப்பாக இருந்தது. "இதெல்லாம் யாருக்கா உங்களுக்குச் சொல்லிக்குடுத்தா?"

"ஒரு கெட்டிக்காரி," என்றாள் ரெஜினா. "பிள்ள பொறக்கட்டும். கண்ணாடி கொண்டாந்து காட்டுறேன்."