கேட்கக் கூடாத கேள்வி

“கையெல்லாம் மண்ணா இருக்கும்போது குழந்தை அழுதா யார் தூக்குவா?”

கேட்டது தேர்வுக் குழுவில் இருந்த ஒரே பெண். பெரிய ஓவியர். வெளியே வரிசையில் காத்திருந்தவர்கள் அவருக்கு ஏற்கெனவே ‘சிடுமூஞ்சி’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நேர்காணலுக்கு வந்திருந்த சிற்பிக்குச் சுருக்கென்றது. நிறைமாத வயிறு மேஜையில் இடிக்காமல் இருக்க, நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து காத்திருந்ததில் கால் வீங்கி, செருப்பு வார் இறுக்கியது.

கலை மன்றம் யாராவது ஒருவருக்கு மட்டும் ஒரு வருஷத்துக்குப் பட்டறை கொடுக்கும். கூடவே சூளையும். அவளுக்கு வேண்டியது அந்தச் சூளைதான். வாடகை வீட்டில் அடுப்பு பற்றவைக்கலாம், சூளை மூட்ட முடியுமா? செய்த சிற்பங்கள் எல்லாம் சுடாத பச்சை மண்ணாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. வீடு பெருக்கும்போதெல்லாம் துடைப்பத்தோடு ஒரு விரலோ மூக்கோ உடைந்து வந்தது. இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால், பிள்ளை பிறந்த பிறகு இன்னொரு தடவை முட்டி மோத அவளுக்குத் தெம்பு இருக்காது.

அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. தலைவர் தானே எழுந்து மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். தாடிப் பேராசிரியர் சிற்பங்களின் படங்களைப் பார்த்து “அடடா, அடடா” என்றார். வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த அம்மாள்தான் போட்டு உடைத்தார்.

“மேடம், இதெல்லாம் நாம கேட்கக் கூடாது” என்று நெளிந்தார் தலைவர்.

“கேட்டாச்சு. அவங்க சொல்லட்டும்.”

“எனக்கு முன்னாடி வந்துட்டுப் போனவருக்கும் அடுத்த மாசம் குழந்தை பிறக்கப் போகுது. வெளியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தார்” என்றாள் அவள். “அவர்கிட்டயும் இதைக் கேட்டீங்களா மேடம்?”

“இல்லை. உங்ககிட்டதான் கேட்கறேன். யார் தூக்குவா?”

சண்டை போடவும் உடம்பில் சக்தி வேண்டுமே. பதில் சொன்னாள்.

“என் வீட்டுக்காரர் தூக்குவார். அவருக்கு ராத்திரி டூட்டி. பகல்ல வீட்லதான் இருப்பார்.”

“அவர் தூங்க வேண்டாமா?”

“அவர் தூங்கி எழுந்திருக்கற வரைக்கும் எங்க அக்கா பார்த்துக்குவா. பக்கத்துத் தெருதான். பேசி வச்சாச்சு.”

“அக்காவுக்கு முடியாத அன்னிக்கு?”

“பட்டறைக்கே தூக்கிட்டு வந்துடுவேன். மண் வேலை ஒரே மூச்சுல முடியறதில்லை மேடம். கொஞ்சம் ஏத்தினா, அது இறுகற வரைக்கும் மேல கை வைக்க முடியாது. சும்மாதான் உட்கார்ந்திருக்கணும். அப்போ பால் கொடுப்பேன். நான் எப்பவுமே விட்டு விட்டுத்தான் வேலை செஞ்சிருக்கேன்.”

“சூளை மூட்டற அன்னிக்கு?”

“அன்னிக்குக் குழந்தையை அந்தப் பக்கமே கொண்டு வர மாட்டேன். வீட்டுக்காரர் லீவு போடுவார்.”

ஓவியர் மற்ற இருவரையும் பார்த்தார். “இந்த விஷயத்துல உங்களுக்கு வேற ஏதாவது கேட்கணுமா?”

இருவரும் அவசரமாகத் தலையாட்டி மறுத்தார்கள்.

“அப்போ நீங்க போகலாம்மா.”

வீட்டுக்கு வந்து கணவனிடம் புலம்பித் தீர்த்தாள். “அந்த ஆம்பளைங்க ரெண்டு பேரும் எவ்வளவு மரியாதையா இருந்தாங்க தெரியுமா? ஒரு பொம்பளையே இப்படிக் குடைஞ்சா என்ன பண்றது? கிடைக்காது, விடுங்க.”

ஆனால் கிடைத்தது. மன்றத்திலிருந்து போன் வந்தது.

சாவி வாங்கப் போன அன்று அந்த ஓவியர் மாடிப்படியில் எதிரே இறங்கி வந்தார். பார்க்காத மாதிரி ஒதுங்கிப் போகலாம் என்று நினைத்தாள். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு எங்கே ஒதுங்குவது?

“என்மேல கோபமா?” என்றார் ஓவியர்.

“இல்லைன்னு சொன்னா பொய், மேடம். அவங்க யாருமே கேட்காததை நீங்க ஏன் கேட்டீங்க?”

ஓவியர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்திலும் அசதி தெரிந்தது.

“உன்னை மாதிரியே வயித்தைத் தள்ளிக்கிட்டு நானும் ஒரு காலத்துல இங்க வந்து உட்கார்ந்தேன். எல்லாரும் ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க. ஒருத்தரும் எதுவும் கேட்கலை. நான் வெளியே வந்து கதவைச் சாத்தின பிறகுதான் கேட்டாங்களாம். பதில் சொல்ல அங்க நான் இல்லை.”