ரிப்பன் கட்டிய ஃபிரேம்

"ரிப்பனை அவுக்காதீங்கப்பா. அவரே அவுக்கட்டும்" என்றாள் மகள்.

சைக்கிள் கடை மேசைமேல் அந்த நீளப் பெட்டி கிடந்தது. கப்பலேறி வந்த அட்டைப் பெட்டிக்குச் சிவப்பு ரிப்பன் சுற்றி, மேலே பூ மாதிரி முடிச்சும் போட்டிருந்தாள். மெக்கானிக் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னே? கோபித்துக்கொண்டு துணிமணியோடு இரண்டு தடவை இதே கடை வாசலில் வந்து நின்றவள் இவள். "குடும்பம்னா முன்னப்பின்னதான் இருக்கும், அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லிச் சொல்லி, இரண்டு தடவையும் அவர்தான் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். இன்றைக்குப் பாருங்கள், சொந்தச் சம்பளத்தில் புருஷனுக்குப் பிறந்தநாள் பரிசு!

கடைக்குள் வந்த மாப்பிள்ளை ரிப்பனைப் பிய்த்துப் போட்டார். உள்ளே இருந்த கார்பன் சைக்கிள் ஃபிரேமை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, கடைக்குள்ளேயே நாலடி ஓடிக் காட்டினார். அவர் ஓட்டும் பந்தயம் அப்படி. சைக்ளோகிராஸ் என்று பெயர். சேறு, மணல், மேடு, பள்ளம் எல்லாம் உண்டு. ஓட்ட முடியாத இடத்தில் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி, மறுபடி தாவி ஏற வேண்டும். எடை குறைந்தால் அவ்வளவும் லாபம்.

"இறகு மாதிரி இருக்கு மாமா! பேர் போன கம்பெனியில வாங்கினா சொத்தை எழுதிக் குடுக்கணும். இது அதுல கால்வாசி விலைகூட இல்ல. உங்க பொண்ணு இப்பதான் முதல் தடவையா உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்கா."

மெக்கானிக் சிரித்து வைத்தார். தகரக் கூரைக்குக் கீழே வெயில் வேகவைத்துக்கொண்டிருந்தது. முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டுவரை பூட்டிக்கொண்டு நின்ற மகளுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

"ஃபேன் பக்கம் வந்து நில்லும்மா" என்றவர், ஃபிரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரே கேள்விப்படாத சரக்கா இருக்கே மாப்பிள்ளை, விசாரிச்சு வாங்கினீங்களா?"

"அதெல்லாம் இவ டிபார்ட்மென்ட். ஒரு வாரமா போனும் கையுமா உக்காந்து, இதை வாங்கினவங்க நெட்ல எழுதினதை ஒண்ணு விடாம படிச்சா. சாப்பாடு எங்கடீன்னு கத்தினாக்கூட தலை நிமிரல."

அதைக் கேட்டதும் மெக்கானிக்குக்குக் கொஞ்சம் நிம்மதி. சின்ன வயசிலிருந்தே அவள் அப்படித்தான், எதையும் நாலு பேரைக் கேட்காமல் வாங்க மாட்டாள்.

"ஞாயித்துக்கிழமை பந்தயம் மாமா. அந்தப் பெரிய இறக்கத்துல பிரேக்கையே தொட மாட்டேன், பாருங்க. பழைய வண்டிச் சாமானை எல்லாம் இன்னிக்கே இதுல மாட்டிடுங்க" என்ற மாப்பிள்ளை, போன் அடிக்கவும் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

மெக்கானிக் இழுப்பறையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தார். எந்தக் கொம்பன் கொண்டு வந்தாலும் சரி, கார்பன் ஃபிரேமை நாணயத்தால் தட்டிப் பார்க்காமல் அவர் ஒரு திருகுகூடப் போடமாட்டார். மேலே சாயம் மினுக்கிக்கொண்டு இருக்கும். உள்ளே கார்பன் அடுக்குகள் ஒட்டாமல் பொக்கையாகக் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்.

டக், டக், டக். மேல் குழாய் சரி. கீழ்க் குழாயும் சரி. ஹேண்டில் செருகும் முன்குழாய்க்கு வந்தபோது சத்தம் மாறியது.

தொப்.

காதை ஒட்டி வைத்துக்கொண்டு மறுபடி தட்டினார். தொப், தொப்.  அந்த இறக்கமும், பிரேக்கைத் தொடாத வேகமும் கண்முன்னால் வந்து நின்றன. ஐயோ, இந்த வயதில் என் பெண் தாலியறுத்து நிற்பதா என்று நினைத்தவர் ஃபிரேமைத் தள்ளி வைத்தார்.

"பாப்பா, இங்க வா." குரலைத் தாழ்த்தினார். "இது உள்ள பொக்கைம்மா. இறக்கத்துல ஒரு குழியில இறங்கினாப் போதும், முன்பக்கம் அப்படியே ஒடிஞ்சு கழண்டுக்கும். ஆளையே கொன்னுடும்."

அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன பண்ணுவ, பாவம்! ஆகா ஓகோன்னு எழுதி உன்னை நல்லா ஏமாத்திட்டாங்க, படுபாவிங்க. நீ பயப்படாத, நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன். அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு." வாசல் பக்கம் திரும்பினார். "மாப்பிள்..."

மகள் பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினாள். வேகத்தில் பொத்தான் தெறித்து, சட்டைக்கை முழங்கைவரை சரிந்தது. மணிக்கட்டுக்கு மேலே ஐந்து விரலும் பதிந்து கன்றிப்போன தடம். அதற்கு மேலே, பழசாகி மஞ்சள் பூத்த இன்னொன்று.

நாணயம் அவர் கையிலிருந்து நழுவி மேசைக்கடியில் உருண்டது. வாசலில் மாப்பிள்ளை யாரிடமோ போனில் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாரும் ஏமாத்தலப்பா" என்றாள் அவள், அவர் காதோடு. "ஒடியும்னு எழுதியிருந்ததைப் படிச்சுட்டுத்தான் வாங்கினேன்."