பேக்கப்பில்தான் ஓடுது

"ஏம்மா, இது படகா, மாட்டு வண்டியா?" என்றார் யக்ஞநாராயணன்.

படகை ஓட்டிய பியூலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மெயின் கண்ட்ரோல் புட்டுக்கிச்சு சார். பேக்கப்லதான் ஓடுது. இதுக்கு மேல போவாது."

மழை வெள்ளம். முடிச்சூர்த் தெருக்களில் மார்பளவு தண்ணீர். அடுக்ககத்தின் முதல் மாடிப் படியிலிருந்து ஆறு பேரை ஏற்றிக்கொண்டு படகு ஊர்ந்தது. கோவளத்தில் ஒரு ரிசார்ட் அனுப்பிய படகு அது. சுற்றுலா வருகிறவர்களை அங்கே கடலில் ஒரு சுற்று அழைத்துப் போவதுதான் பியூலாவின் வேலை. காலையிலிருந்து இங்கே நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

யக்ஞநாராயணனின் அவசரத்திலும் நியாயம் இருந்தது. மகள் ஸ்நேகாவைத் திருச்சியில் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறார்கள். மெயின் ரோட்டு மேட்டில் கார் நிற்கிறது. தாம்பரத்தில் ரயிலைப் பிடித்தாக வேண்டும். மனைவி வேதா மடியில் பையை இறுக்கிக்கொண்டு உதட்டுக்குள் ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பேக்கப்னா என்ன சார்?" என்று கேட்டார் பக்கத்து ஃபிளாட் தினகரன்.

கேட்டிருக்கக் கூடாது. யக்ஞநாராயணன் ஓய்வுபெற்ற இன்ஜினீயர். யாராவது எதையாவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்.

"முன்னெல்லாம் லிவரைத் தள்ளினா கம்பி போய் இன்ஜினை இழுக்கும். இப்போ எல்லாம் எலக்ட்ரானிக். லிவர் ஒரு பெட்டிக்குச் சொல்லும், பெட்டி இன்ஜினுக்குச் சொல்லும். அந்தப் பெட்டி படுத்துடுத்துன்னா நடுக்கடல்ல நிக்க முடியுமா? அதுக்குத்தான் இன்னொரு பெட்டி. வேகம் இருக்காது, ஆனா கரை சேர்த்துடும்."

"ஓட்டறவங்களுக்கும் ஒரு பேக்கப் வச்சு அனுப்பியிருக்கலாம்" என்றார் தினகரன்.

எல்லோரும் சிரித்தார்கள். பியூலாவுக்கும் கேட்டிருக்கும்.

கொஞ்ச தூரத்தில் அறுந்த கேபிள் ஒன்று குறுக்கே தொங்கியது. பியூலா லிவரை நடுவில் நிறுத்திவிட்டு, கழியை எடுத்துக்கொண்டு படகின் முன்பக்கம் போனாள். கேபிளைத் தூக்கிப் பின்னால் தள்ளினாள்.

யக்ஞநாராயணனின் கண் சும்மா இருக்கவில்லை. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் மெயின், ஒரு பக்கம் பேக்கப். மெயின் பக்கத்தில் பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது.

"பாருங்க தினகரன்! மெயின் நன்னாத்தான் இருக்கு. ஆடி அசைஞ்சு போனா ட்ரிப் குறையும், வேலை மிச்சம். நம்ம தலையில மிளகாய் அரைக்கறா."

"ஏன்னா, வேண்டாமே" என்றார் வேதா.

அதற்குள் அவர் சுவிட்சை மெயினுக்குத் தள்ளிவிட்டார். லிவரையும் சேர்த்து.

படகு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. பியூலா நிலைதடுமாறி விழுந்தாள். பின்னால் எழும்பிய அலை, தெருவின் இடது பக்கம் இருந்த ஓட்டு வீட்டு வரிசையில் போய் மோதியது. திறந்திருந்த வாசல்கள் வழியே தண்ணீர் உள்ளே ஏறியது. பாத்திரங்கள் உருண்டன. யாரோ வீறிட்டார்கள்.

பியூலா தவழ்ந்து வந்து லிவரை இழுத்தாள். படகு நின்றது.

பக்கத்து வாசலுக்குள், செங்கல் அடுக்கித் தூக்கி வைத்த கட்டிலில் ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். போர்வையெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, கட்டில் சாய்ந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண்.

"ஐயோ, நம்ம தபீதாள்!" என்றார் வேதா.

ஆறு வருடமாக அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். புருஷன் ஏசுபாதம் கீழே விழுந்துவிட்டார் என்று பத்து நாளாக வரவில்லை. வீடு பக்கத்தில் என்று தெரியும். எந்தப் பக்கம் என்று இருவரும் கேட்டதில்லை.

தபீதாள் முகத்துத் தண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். திட்டப்போகிறாள் என்று யக்ஞநாராயணன் தலைகுனிந்தார்.

"அம்மா, ஸ்நேகா பாப்பாவுக்கு வலி வந்துடுச்சா? சீக்கிரம் போங்க, ரயிலு வுட்றப் போறீங்க."

வேதா தலையை ஆட்டினார். பிறகு பியூலாவின் கையைப் பிடித்தார். "இவாளையும் ஏத்திக்கோம்மா. நாங்க வேணா இறங்கிக்கறோம்."

"இடுப்பு எலும்பு முறிஞ்சவரும்மா. இப்டி ஏத்தக் கூடாது, பலகையோட தூக்கணும். ஆளுங்க வந்துகினு இருக்காங்க. அதுவரைக்கும் தண்ணி கட்டில் மேல அடிக்காம இருக்கணும், அவ்ளோதான்" என்றாள் பியூலா. சுவிட்சைப் பழையபடி பேக்கப்புக்கு மாற்றினாள்.

படகு மறுபடி ஊர்ந்தது. இப்போது யாருக்கும் அவசரமில்லை. தினகரன் செல்போனில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். யக்ஞநாராயணனுக்குத் தண்ணீருக்குள் இறங்கி மறைந்துவிடலாம் போல இருந்தது.

மேடு வந்ததும் எல்லோரும் இறங்கினார்கள். அவர் மட்டும் நின்றார்.

"பெரிய தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோம்மா" என்றார். "ஆனா விஷயத்தைச் சொல்லியிருந்தா நானே பேசாம உக்காந்திருப்பேனே. மெஷின் ரிப்பேர்னு ஏம்மா பொய் சொன்னே?"

"காத்தால மொத ட்ரிப்ல உண்மையத்தான் சார் சொன்னேன். வழியில ஒரு வூட்ல நோயாளி கீறாரு, மெதுவாதான் போவணும்னு. 'அவங்க வூட்ல ஏற்கெனவே தண்ணிதானே, நீ போம்மா'ன்னுட்டாங்க."

படகைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

"அதுக்கப்புறம்தான் ரிப்பேர்னு சொல்ல ஆரம்பிச்சேன். திட்டுறாங்க, ஆனா பொறுத்துக்குறாங்க சார்... மெஷினை."