பழையபடி நடத்தக் கோரி

"படிச்சிப் பாத்துட்டுப் போடும்மா" என்று முனிரத்தினம் காகிதத்தை நீட்டினார்.

"நீங்க எழுதினதுல நான் இன்னாண்ணா படிக்கறது? எங்க போடணும், அத்த சொல்லுங்க." வெங்கடம்மா குழாயடியில் குடத்தை இறக்கி வைத்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஏழு பேரும் வரிசை கலையாமல் போட்டார்கள்.

முனிரத்தினத்துக்கு நெஞ்சு விம்மியது. ஒரு ரேடியோ அறிவிப்பாளருக்கு ஊரிகத்தில் இத்தனை செல்வாக்கா!

முப்பது வருஷம் வைண்டிங் இஞ்சின் ஓட்டி, கேஜ் கூண்டில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றியவர் அவர். தங்கவயலில் மைன்ஸை மூடி எட்டு மாதம் ஆகிறது. ஷிப்ட்டுச் சங்கும் நின்றுபோன பிறகு, அவருடைய நாளில் நேரம் என்று ஒன்று மிச்சமிருந்தது என்றால் அது மத்தியானம் இரண்டரை மணிதான். ரேடியோவில் ஜெயகரன் வருவான். "சாப்பிட்டாச்சா?" என்று வீட்டு மனுஷன் மாதிரி கேட்டுவிட்டு, ஒவ்வொன்றாகப் பழைய பாட்டுகளைப் போடுவான்.

போன மாதம் நிலையத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். ஜெயகரனை விடியற்காலை ஐந்தரைக்குத் தள்ளி, மழை நிலவரம் வாசிக்க விட்டார்கள். இரண்டரைக்கு நேத்ரா என்று ஒரு பெண் வந்தாள். "ஹாய்" என்றாள். பாட்டு பாதி ஓடும்போதே குறுக்கே பேசிச் சிரித்தாள்.

முனிரத்தினம் ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு இரண்டரையிலிருந்து மூன்று மணி ஆவதற்கு ஒரு யுகம் பிடித்தது.

யூனியனில் பதினோரு வருஷம் இருந்தவருக்கு மனு எழுதச் சொல்லித்தரவா வேண்டும்? 'ஜெயகரனின் குரலில் உள்ள மரியாதை, நேத்ராவின் சிரிப்பில் இல்லை' என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதித் தள்ளினார்.

மனைவி பாக்யலட்சுமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். காகிதத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு நல்லாத்தானே பேசுது? வேலைக்கு வந்து ஒரு மாசங்கூட ஆவல, பாவம். நான் போட மாட்டேன்."

"வூட்டுக்குள்ளயே எதிர்க்கட்சி!" என்று முனிரத்தினம் துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார்.

தொழிலாளர் குடியிருப்பில் மூன்று நாள் லைன் லைனாக நடந்தார். வெளியே ஒருத்தர்கூட மறுக்கவில்லை. "பழையபடியே நடத்தணும்னு கேட்டுக்கீறேன்..." என்று அவர் ஆரம்பித்தாலே போதும், கையிலிருந்து பேனாவைப் பிடுங்காத குறைதான். மரியகுழந்தை கைநாட்டு வைத்துவிட்டு, காகிதத்தின் மேல் சிலுவைக்குறி போட்டாள்.

தினமும் பங்காருபேட்டைக்குப் போய் ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற உதய், நேத்ராவின் பரம ரசிகன். போன் போட்டு அவளிடம் பாட்டுக் கேட்டவன். அவன்கூட, "எங்க நைனாவுக்கோசரம் போடறேன் அங்கிள்" என்று ஓடுகிற ஓட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

சுரங்கத்தில் மரமுட்டுக் கொடுக்கும் வேலை பார்த்த மோசஸ் வீட்டில் ரேடியோவே கிடையாது. பக்கத்து வீட்டில் பாட்டு வைத்தால்கூட ஜன்னலைச் சாத்துகிற ஆள். அவனும் இருமலை அடக்கிக்கொண்டு, கொட்டை எழுத்தில் தன் பெயரை எழுதினான்.

"இந்த வாட்டியாச்சும் நம்ம பேச்ச கேப்பாங்களா, முனிரத்தினம்?"

"கேக்காம எங்க போவாங்க?"

ரேடியோ இல்லாதவனுக்குக்கூட ஜெயகரன் மேல் இவ்வளவு பாசமா என்று முனிரத்தினம் வழிநெடுக நினைத்துக்கொண்டே வந்தார். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. ஊரிகம் தபால் ஆபீசில் தன் கையாலேயே சேர்த்துவிட்டு வந்தார்.

இருபத்திரண்டாம் நாள் மத்தியானம், நேத்ராவைக் கேட்பதற்காகப் பாக்யலட்சுமி ரேடியோவைத் திருகினாள்.

"சாப்பிட்டாச்சா?" என்றது ஜெயகரனின் குரல். "தங்கவயல் நேயர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, இன்று முதல் பழையபடியே..."

அதற்கு மேல் முனிரத்தினத்தால் உட்கார முடியவில்லை. யூனியன் காலத்திலிருந்து எத்தனை மனு எழுதியிருப்பார்! பதில் வந்த முதல் மனு இதுதான். செருப்புகூட மாட்டாமல் வெளியே ஓடினார்.

"கேட்டுட்டாங்கப்பா! நம்ம மனுவ ஒத்துக்கினாங்க! இன்னிலேர்ந்து எல்லாம் பழையபடி!"

லைன் முழுக்கக் கதவுகள் படபடவென்று திறந்தன. வெங்கடம்மா ஓவென்று அழுதாள். மரியகுழந்தை தெருவிலேயே மண்டிபோட்டாள். யாரோ தகர டின்னை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார்கள். ஒரு பாட்டு நிகழ்ச்சிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று முனிரத்தினத்துக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மோசஸ் வந்தான். தலையில் சுரங்கத்து ஹெல்மெட். காலில் தூசி தட்டி மாட்டிய கம்பூட்ஸ். இருமாமல், முதுகை நிமிர்த்தி நின்று கேட்டான்:

"நாளைக்கு மொத ஷிப்ட்டு எத்தினி மணிக்கு, முனிரத்தினம்?"